விடுபட்ட வரி

கிறிஸ்துவின் பெயரைச் சொன்னாலே சிறை என்றிருந்த காலம். நைல் நதிக்கரை ஊர் ஒன்றில் இருந்த சின்னஞ்சிறு சபைக்குச் சில்வானு என்பவர் குருவாக இருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் நெமேசியனுக்கோ ஐம்பத்தெட்டு.

நெமேசியன் இருபது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். ஓர் எழுத்து பிசகினால் ஒருவனுடைய நிலம் போகும், சமயத்தில் தலையும் போகும் என்று கண்ணால் பார்த்தவர். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அந்தப் பயம் அவரை விடவில்லை. குருவின் கடிதங்களை நகலெடுத்து மற்ற ஊர்ச் சபைகளுக்கு அனுப்புவது அவர் வேலை. கடிதத்தில் ஒரு வேதவசனம் வந்துவிட்டால், வேதச் சுருளைப் பிரித்து ஒத்துப்பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

அன்று காலை அவர் கையில் இருந்தது, சிறையில் கிடந்த தாமுனிக்குக் குரு எழுதிய கடிதத்தின் பிரதி. கடிதம் ஏற்கெனவே அவளிடம் போய்விட்டது. தாமுனியும் அவள் கணவன் ஓரியனும் துணிக்குச் சாயம் தோய்ப்பவர்கள். பேரரசரின் சிலைக்குத் தூபம் போட மறுத்தார்கள். போன மாதம் ஊர் அரங்கத்தில் ஓரியனை உயிரோடு எரித்தார்கள். தாமுனிக்கும் அதே தீர்ப்புதான். இன்னும் மூன்று நாள் இருந்தது.

கடிதத்தில் இப்படி இருந்தது: ‘நெருப்பினூடே நீ போகையில் உன் பக்கத்தில் இருப்பேன் என்று கர்த்தர் தீர்க்கதரிசியின் வாயால் சொல்லியிருக்கிறார்.’

நெமேசியன் சுருளைப் பிரித்து இடத்தைத் தேடினார். படித்தார். விரல் வைத்து மறுபடி படித்தார்.

‘நீரைக் கடக்கையில் உன் பக்கத்தில் இருப்பேன். நெருப்பினூடே போகையில் நீ கருகமாட்டாய்.’

சுருளை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அங்கே சில்வானு நாணற்பாய் முடைந்துகொண்டிருந்தார். அதுதான் அவர் பிழைப்பு.

“ஐயா, ஒரு தவறு நடந்திருக்கிறது.”

“சொல்லுங்கள்.”

“தாமுனிக்கு எழுதியதில் வசனம் மாறிப்போயிருக்கிறது. நீருக்குச் சொன்னதை நெருப்புக்குச் சொல்லிவிட்டீர்கள். நெருப்புக்குச் சொன்னது விட்டுப்போய்விட்டது. நினைவிலிருந்து எழுதினீர்கள் போல.”

சில்வானு கைவேலையை நிறுத்தாமல் அந்தப் பகுதியை முதலிலிருந்து சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. ‘நீ கருகமாட்டாய்’ என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.



“தெரிந்தே மாற்றினீர்களா?”

“தெரிந்தேதான்.”

“வேதத்தையா?”

“ஆமாம்.”

பொய்ச் சாசனம் எழுதியவனைக் கல் உடைக்க அனுப்பியதை நெமேசியன் பார்த்திருக்கிறார். அந்தத் தீர்ப்பை எழுதியதே அவர் கைதான். இது அதைவிடப் பெரிய குற்றமாக அவருக்குப் பட்டது.

“சாகப்போகிறவள் ஐயா அவள். அவளுக்குப் போய், இல்லாத வசனமா?”

“அப்படியானால் உள்ளதை உள்ளபடி நீங்களே அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்” என்றார் சில்வானு. குரலில் கோபம் இல்லை.

சிறைக் காவலர்களுக்குப் பழைய எழுத்தரைத் தெரியும். உள்ளே விட்டார்கள். தாமுனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை ஏறியிருந்த நீலச் சாயம் இன்னும் போகவில்லை.

“தாமுனி, குருவின் கடிதத்தில் ஒரு வரி சரியில்லை. சுருளில் இருப்பது வேறு. நெருப்பினூடே போகையில்…”

“நீ கருகமாட்டாய்” என்று அவள் முடித்தாள்.

நெமேசியன் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“அண்டாவில் சாயம் கொதிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிக்கொண்டேதான் கிளறுவார் அண்ணா. எனக்குத் தெரியாதா?”

“தெரிந்துமா பேசாமல் இருந்தாய்?”

“அன்றைக்கு அரங்கத்தில் நீங்களும் இருந்தீர்களே.”

இருந்தார். காற்று அவர் பக்கம் வீசியது. அதன் பிறகு மூன்று நாள் அவருக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

“அவர் கருகவில்லையா, அண்ணா?”

தாமுனி மடியிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

“கடிதம் வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். இல்லை. குருவும் அங்கே நின்று பார்த்தவர்தானே, எப்படி எழுதுவார் என்று நினைத்துக்கொண்டேன்.”

 

மூன்றாம் நாள் நெமேசியனும் சில்வானுவும் கூட்டத்தோடு கூட்டமாக அரங்கத்தில் நின்றார்கள். தூபம் போடுகிறாயா என்று கடைசியாக ஒருமுறை தாமுனியைக் கேட்டார்கள். மாட்டேன் என்று தலையசைத்தாள். விறகில் தீ வைத்தார்கள். அப்போது அவள் குரல் கேட்டது. கத்தவில்லை. பட்டறையில் கூலியாட்களிடம் வேலை சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

“நெருப்பினூடே போகையில் நான் கருகமாட்டேன்.”

கூச்சல் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது.

அதன் பிறகு, ஓரியனுக்கு என்ன நடந்ததோ அதுவேதான் அவளுக்கும் நடந்தது. சில்வானு நெமேசியனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வாரம் நெமேசியன் எழுதுகோலைத் தொடவில்லை. எட்டாம் நாள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு குருவின் முன் வந்து உட்கார்ந்தார்.

“நகலில் எதை எழுதட்டும், ஐயா? சுருளில் இருப்பதையா, நீங்கள் எழுதியதையா?”

“நான் எழுதியதையே எழுதுங்கள்.”

“விடுபட்ட வரி?”

“அதையும் எழுதுங்கள். கடிதத்துக்குக் கீழே, தாமுனி சொன்னபடியே, தாமுனியின் பெயரில்.”

நெமேசியன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

“அது தீர்க்கதரிசியின் வாக்கு ஐயா. அதைப் போய் ஒரு சாயக்காரியின் பெயரிலா?”

“தீர்க்கதரிசி கோபித்துக்கொள்ளமாட்டார்” என்றார் சில்வானு. “அவரும் நெருப்புக்கு வெளியே நின்றுதானே எழுதினார்.”