மணி அடிப்பவனின் அவசரம்

ஜப்பானின் தெற்குக் கரையில், மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே காலை மணி அடிப்பவன் ஹிரனுமா. போரின்போது கடற்படை விமானத் தளத்தில், விமானங்கள் அனுப்பும் கம்பியில்லாத் தந்தி ஓசையைக் கேட்கும் வேலை பார்த்தவன். போர் முடிந்ததும் துறவியானான்.

ஓர் ஓசை முழுதும் அடங்கிய பிறகே அடுத்த அடி விழவேண்டும் என்பது மடத்தின் வழக்கம். ஹிரனுமா ஒருநாளும் காத்திருந்ததில்லை.

காய்கறி கொண்டுவரும் பெண் சிரித்தாள். "உங்க மணி ரயிலைப் பிடிக்கப் போகுதா சாமி?"

அன்று அவன் மடத்துத் தலைவி கெய்ஜுன் அம்மையாரிடம் போனான். வயதில் அவனைவிட இளையவர் அவர்.

"அம்மா, மணியை வேறு யாரிடமாவது கொடுங்கள். இல்லையென்றால் நான் மடத்தை விட்டே போய்விடுகிறேன்."

"கை வலிக்கிறதா?"

"ஓசை தேய்வதைக் கேட்க முடியவில்லை."

அவனே சொன்னான்.

"குண்டோடு போய்க் கப்பல்மேல் மோதும் விமானங்கள் எங்கள் தளத்திலிருந்துதான் கிளம்பின. கப்பலை நோக்கிப் பாயும்போது, உள்ளே இருப்பவன் தந்தி தட்டும் சாவியை விடாமல் அழுத்தியபடியே இருப்பான். என் காதில் ஒரே நீண்ட ஓசை. அது நின்றால், அவன் இல்லை."

"யாரென்று தெரியுமா?"

"அதற்கு முன் தட்டுகிற விதத்திலேயே தெரியும். நொகாமி திக்கித் திக்கித் தட்டுவான். தினமும் என்னிடம் திட்டு வாங்குவான். கிளம்பும்போது, 'இன்றைக்காவது திட்டாமல் கேளுடா' என்றான்."

"திட்டினாயா?"

"அந்த ஓசையில் தவறு செய்ய என்ன இருக்கிறது, அம்மா?"

அவர் கேட்டார். "அது நின்றதும் என்ன செய்தாய்?"

"அடுத்த விமானத்தின் அலைவரிசைக்குத் திருப்பினேன். அவனும் பாய்ந்துகொண்டிருந்தான்."

அம்மையார் எழுந்து மணிக்கூண்டுக்கு நடந்தார். அவன் பின்னால் போனான்.

"அடி."

தொங்கிய மரக்கட்டையைக் கயிற்றால் இழுத்து விட்டான். மணி முழங்கியது. ஓசை மலைவரை போனது, மெலிந்தது, நூலானது. அவன் கை தானாகவே மறுபடி கயிற்றுக்குப் போனது.

அம்மையார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓசை அடங்கியது. அவன் கையை இழுத்தான். அவர் விடவில்லை. எங்கோ ஒரு குருவி கத்தியது.

"அம்மா, அடுத்த அடி..."

"இன்று அடுத்தது கிடையாது" என்றார் அவர். "கொஞ்ச நேரம் நொகாமியோடு இரு."