அரைத்தால் பேசாது

“வைரஸ் இல்லை. கையெழுத்துப் போடுங்க மேடம்,” என்று ஆய்வு அறிக்கையை நீட்டினார் டாக்டர் நாச்சியப்பன்.

ஒரு வாரமாக இதே பேச்சு.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. மண்டையைத் திறந்து கட்டி எடுப்பதில் கைதேர்ந்தவர். வைரஸைப் பற்றிப் படிக்க, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான ஆய்வாளர் ஜெபமணி மேடத்திடம் வந்து சேர்ந்திருந்தார்.

உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்ப்பிஸ் வைரஸின் ஒரு மரபணுவை எடுத்துவிட்டு, அதை வலுவிழக்கச் செய்திருந்தார் ஜெபமணி. அது மூளைக் கட்டியைக் கொல்லும், நல்ல செல்லை விட்டுவிடும். அதை எலிகளின் மூளையில் ஏற்றி, முப்பது நாள் கழித்துத் தேடிப் பார்த்திருந்தார் நாச்சியப்பன்.

கட்டியோடு ஒரு லாரி டிரைவர் காத்திருந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “வேலை முடிஞ்சதும் அது எங்க போகும்?”

“அழிஞ்சு போயிடும்மா,” என்று நாச்சியப்பன் சொல்லியிருந்தார்.

ஜெபமணி முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். “எலி மூளையில எப்படித் தேடினீங்க?”

“அரைச்சு.”

“அரைச்சா செல்லெல்லாம் செத்துடும். அப்புறம் யாரு பேசுவா?”

நாச்சியப்பனுக்குச் சுருக்கென்றது.

“இன்னும் ஆறு எலி இருக்கு. மூளையை அரைக்காம, மெல்லிசா சீவி, சாகவிடாம நல்ல செல்லோட சேர்த்து வைங்க. உள்ளே ஒளிஞ்சிருந்தா வெளியே வந்து அந்த செல்லைத் தின்னும். பத்து நாள் பாருங்க.”

“கட்டி பத்து நாள் காத்திருக்குமா?”

“காத்திருக்காது,” என்றார் ஜெபமணி.

தினமும் காலையில் நாச்சியப்பன் தட்டுகளைப் பார்த்தார். ஜெபமணி ஒரு நாள்கூட செல் வளர்க்கும் அறைக்குள் வரவில்லை. ஏவுகிறவருக்கு வாய்தான் வேலை என்று இவர் மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

முதல் நாள் இல்லை. மூன்றாம் நாள் இல்லை. எட்டாம் நாளும் இல்லை.

ஒன்பதாம் நாள், பூச்சி அரித்த சேலையைப் போல செல் பரப்பில் ஓர் ஓட்டை.

வெளியே வந்து ஜெபமணிக்கு எதிரே உட்கார்ந்தார். அவமானமாக இருந்தது.

“இருக்கு.”

“சரி.”

“எலிக்கு ஒண்ணும் ஆகலையே. முப்பது நாளும் தின்னுச்சு, ஓடுச்சு.”

“அதையும் எழுதுங்க.”

“அந்த அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?”

ஜெபமணி முகக்கவசத்தை இறக்கினார். உதட்டோரம் காய்ந்துகொண்டிருந்த கொப்புளம். கொப்புளம் உள்ளவர் அந்த அறைக்குள் போகக் கூடாது என்பது அங்கே விதி.

“ஏழு வயசுல இதே கொப்புளத்துக்கு எனக்கு அக்கி எழுதினாங்க. காவி பூசிட்டு, ‘போயிடுச்சு’ன்னார் பானை செய்யுற வேளார்.”

“திரும்ப எப்போ வரும்?”

“கையெழுத்துப் போடுன்னு யாராவது ஒரு வாரம் உயிரை எடுத்தா வரும்.”

நாச்சியப்பன் அறிக்கையில் ‘இல்லை’ என்பதை அடித்தார். ‘தூங்குகிறது, ஒன்பதாம் நாள் விழித்தது’ என்று எழுதினார். பிறகு போனை எடுத்தார்.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். அந்த வைரஸ் அழியாது. உள்ளேயே தூங்கும். என்னைக்காவது முழிக்கலாம்.”



“அது தூங்கிட்டுப் போகட்டும் டாக்டர். அவரு எழுந்து நடமாடுவாரா?”

நாச்சியப்பன் ‘நடப்பார்’ என்று சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார்.

“தெரியலம்மா,” என்றார்.

ஜெபமணி அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.