வித்துவானைப் பிடித்த வேலி

கொன்றையூர் அரசர் வீரகேசரியார் தமது நந்தவனத்தைச் சுற்றி அடித்திருந்த கம்பிவலை ஒருநாள் ஓரிடத்தில் அறுந்துபோயிற்று. தோட்டக்காரன் இசக்கி சபைக்கு ஓடிவந்தான்.

"மகாராசா, கம்பிவலை அறுந்துபோச்சு! நம்ம சண்டைக்கிடா உள்ளே புகுந்துரும்!"

ஆஸ்தான வித்துவான் அகோரநாதர் காதைப் பொத்திக்கொண்டார். "சிவசிவா! கம்பியாம், வலையாம்! நாமென்ன மீனா பிடிக்கிறோம்? பிரபு, தங்கள் ஆட்சியில் அதற்கு 'அயவிழைப்பின்னற்சதுரவிழிக்காப்பரண்' என்பதே பெயராக வேண்டும்."

வேறெந்த அரசனிடமும் இத்தனை நீளச் சொல் இராது என்றெண்ணி வீரகேசரியார் பூரித்துப்போனார். "ஆகட்டும்! பழைய பெயரைச் சொல்பவன் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். முதலில் இந்த இசக்கி. பொழுது சாய்வதற்குள் பெண்டு பிள்ளைகளோடு கிளம்பட்டும்!"

அமைச்சர் ஆண்டியப்பருக்கு இந்த அநியாயம் பொறுக்கவில்லை; நாக்கில் மட்டும் தேன் சொட்டிற்று.

"அரசே, இந்தப் புதுச்சொல்லை அந்த வேலியருகிலேயே நின்று வித்துவான் அரங்கேற்றினால் அல்லவோ சிறப்பு?"

சபை முழுவதும் நந்தவனத்துக்குப் பெயர்ந்தது. அறுந்த இடத்தில் நின்று வித்துவான் கைவீசி விளக்கலானார். "அயம் என்றால் இரும்பு. இழை என்றால்..." வீசிய வீச்சில், இடுப்பில் இறுகக் கட்டியிருந்த பொன்னாடை கம்பிமுனைகளில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், இன்னும் சிக்கிற்று. அந்நேரம் பார்த்து, வேலிக்கு வெளியே நின்ற சண்டைக்கிடா அவரை நோக்கித் தலையைத் தாழ்த்தியது.

இசக்கி கம்பி வெட்டும் குறட்டோடு பாய்ந்தான். ஆண்டியப்பர் அவன் கையைப் பற்றினார்.

"பொறு அப்பா! எதை வெட்டவேண்டும் என்று வித்துவான் தம் வாயால் சொல்லட்டும். நாம் வாய்தவறிப் பெயர் சொன்னால் நாடு கடத்தல்!"

"அயவிழைப்..." என்றார் வித்துவான். கிடா நெருங்கிற்று.

"பின்னற்... சதுர..." கிடா முட்டிற்று.

"அடேய் இசக்கி! கம்பிவலைடா! கம்பிவலையை வெட்டுடா!"

குறடு கடித்தது. வித்துவான் தப்பினார். பொன்னாடையில் பாதி கிடாவின் கொம்பில் ஆடிற்று.

"அரசே," என்றார் ஆண்டியப்பர் பணிவாக, "பொழுது சாய்வதற்குள் நாடு கடக்க வேண்டியவர்கள் இப்போது இருவர். இசக்கிக்கு வழித்துணை கிடைத்தது."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையை அங்கேயே ரத்துசெய்து, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை இசக்கிக்குப் போர்த்தினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்படியானால் அந்த நீளச் சொல்லை என்ன செய்வது?"

"எல்லைக் கோட்டைக் கதவில் எழுதிவையுங்கள், அரசே. பகைவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள், நம் படை சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டே வந்து சேரும்!"