பூட்டிய மைதானம்

"இனிமே என்கிட்ட ஒரு வழியும் இல்லம்மா. பிள்ளைங்களை எப்படிக் காப்பாத்தறது?"

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார் தணிகாசலம்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பூரணியம்மா நிமிர்ந்து பார்த்தார். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. அதை இருவரும் பொருட்படுத்தியதில்லை.

"என்னவெல்லாம் செஞ்சீங்க ஐயா?"

தணிகாசலம் ஹவுசிங் போர்டு குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். செய்ததை எல்லாம் கொட்டினார்.

போன மாதம் மைதானத்தில் ஒரு வாய்ச்சண்டை முற்றியது. ஏ பிளாக் மாறன், டி பிளாக் எழிலை வயிற்றில் குத்திவிட்டான். மாறன் சிறைக்குப் போனான். எழில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

எழிலின் அண்ணன் ரூபன் தெருவில் நின்று சபதம் போட்டான். "என் தம்பிக்குப் பதில் அவன் தம்பி."

மாறனின் தம்பி சரண் பிளஸ் டூ படிக்கிறான். அன்றிலிருந்து அவன் பள்ளிக்கூடத்தின் பக்கமே போகவில்லை.

"போலீசுக்குச் சொன்னேன். கேமரா மாட்டினேன். மைதானத்தைப் பூட்டிட்டேன். பிள்ளைங்களை வெளியே விடாதீங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேன்."

"இப்ப பிள்ளைங்க எங்கே?"

"வீட்டுக்குள்ள. கதவைச் சாத்தி வெச்சிருக்காங்க."

"கத்தி வெச்சிருக்கிறவங்க?"

"தெருவில."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

பூரணியம்மா கையை நீட்டினார்.

"என்னம்மா?"

"மைதானத்துச் சாவி."

*

அன்று சாயங்காலம் பூரணியம்மா மைதானத்தின் நடுவில் இருந்த வேப்பமரத்தடியில் பாயை விரித்தார். அன்னதானத்து அரிசி மூட்டையை அவிழ்த்தார். முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்கே எதுக்கும்மா இதெல்லாம்?"

"மடத்துல வெளிச்சம் பத்தலை."

தணிகாசலம் கேட்டருகே நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. ஜன்னல்களில் மட்டும் தலைகள் தெரிந்தன.

மறுநாள் டி பிளாக்கிலிருந்து கஸ்தூரி இறங்கி வந்தாள். "ஒரே ஆளா எவ்வளவும்மா பொறுக்குவீங்க?" என்றபடி ஒரு முறத்தை இழுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் ஏ பிளாக்கிலிருந்து இரண்டு பேர். முதலில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். அரிசி ஒன்று, மூட்டை ஒன்று. எத்தனை நேரம் முதுகைக் காட்ட முடியும்?

அம்மாக்கள் வந்த இடத்துக்குப் பிள்ளைகளும் வந்தார்கள். முதலில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு. பிறகு மரத்தைச் சுற்றி. பிறகு மைதானம் முழுக்க.

ஒரு வாரம் போனது. பூரணியம்மா முறத்தைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"நாளையிலேர்ந்து நான் வரலை. நீங்க உட்காருங்க."

"நானா? உட்கார்ந்து என்ன செய்யணும்?"

"கல்லு பொறுக்கணும்."

"விளையாடாதீங்கம்மா. எவனாவது கத்தியோட வந்து நின்னா என்ன செய்யறது?"

"வந்தவன்கிட்ட கேளுங்க."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. நெஞ்சுக்குள் பயம் குடைந்துகொண்டிருக்கும்போது இது என்ன பதில்? ஆனாலும் மறுநாள் போய் உட்கார்ந்தார்.

*

சரண் வெளியே வந்த நாளில்தான் அது நடந்தது.

பிள்ளைகளின் சத்தம் அவனை வீட்டுக்குள் இருக்க விடவில்லை. அம்மா செல்வராணி தடுத்தும் கேட்காமல் இறங்கி வந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தான். செல்வராணி அவன் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள்.

கேட்டுக்குள் ரூபன் நுழைந்தான். சட்டைக்குள் ஒரு கை.

பந்து உருண்டு போனது. எடுக்க யாரும் ஓடவில்லை.

தணிகாசலம் எழுந்தார். முறத்திலிருந்த அரிசி சிதறியது. எப்படி நடந்தார் என்று பிற்பாடு அவருக்கே நினைவில்லை. சரணுக்கும் ரூபனுக்கும் நடுவில் போய் நின்றார்.

"தள்ளு பெருசு."

யோசித்து வைத்திருந்த புத்திமதி ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"எழில் எப்படிடா இருக்கான்?"

ரூபனுக்கு அது எதிர்பாராத அடி. "அதைப் பத்தி உனக்கென்ன?"

"தெரியாமத்தான் கேக்கறேன். நேத்து போய்ப் பார்த்தியா?"

"இல்ல."

"முந்தாநேத்து?"

ரூபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

"ஒரு நாள்கூடப் போகலியாடா?"

"எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுப் போவேன்?" கத்தினான் ரூபன். "முடிச்சிட்டுத்தான் அவன் முன்னாடி போய் நிப்பேன். நகரு!"

தணிகாசலம் நகரவில்லை.

கஸ்தூரி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். ரூபனுக்கு அவள் எதிர்வீடு.

"நேத்து நான் போனேன்டா. உங்கம்மா தனியா உட்கார்ந்திருக்கு. எழில் கண்ணைத் திறக்கறப்ப எல்லாம் அண்ணன் எங்கேன்னுதான் கேக்கறானாம். வேலைக்குப் போயிருக்கான்னு உங்கம்மா பொய் சொல்லிக்கிட்டிருக்கு. இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லும்?"

செல்வராணி வந்தாள். ஏ பிளாக் பெண்கள் எழுந்து வந்தார்கள். டி பிளாக் பெண்களும் வந்தார்கள். யாரும் ரூபனைத் திட்டவில்லை. யாரும் தொடவில்லை. வந்து நின்றார்கள், அவ்வளவுதான். சரண் அவர்களுக்குப் பின்னால் எங்கேயோ மறைந்துபோனான்.

ரூபனின் தோள் குலுங்கியது.

"செத்துடுவானோன்னு பயமா இருக்குய்யா," என்றான். "போய்ப் பார்க்கப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. காலைப் பாரு எப்படி ஆடுதுன்னு. வா, ரெண்டு பேரும் போவோம்," என்றார் தணிகாசலம்.

சட்டைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. கத்தியைத் தணிகாசலத்தின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான்.

*

தணிகாசலம் கத்தியைக் கஸ்தூரி புருஷன் கையில் கொடுத்து, ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆட்டோ கிளம்பும் நேரத்தில் செல்வராணி மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு தூக்கு வாளியை உள்ளே வைத்தாள். கஞ்சி. ரூபன் அதைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் ரூபன் நின்றுவிட்டான். தணிகாசலம் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

எழில் ஒட்டி உலர்ந்து கிடந்தான். அண்ணனைக் கண்டதும் எழப் பார்த்தான். முடியவில்லை.

"சாப்பிட்டியாண்ணா?" என்றான்.

ரூபன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு எழில் வீடு திரும்பும் வரை அந்தக் கட்டிலை விட்டு அவன் நகரவில்லை.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ரூபன் வெகுநாள் ஏ பிளாக் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனான். ஒருமுறை இரண்டு பக்கத்துப் பையன்களும் பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் மைதானத்தில் எந்நேரமும் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு தணிகாசலமும் இருந்தார். எந்த வீட்டில் எவன் கோபமாக இருக்கிறான், எவன் வேலை போய் அலைகிறான் என்பது சண்டைக்கு முன்னாலேயே அங்கே தெரிந்துவிடும். யாராவது எழுந்து போய்ப் பேசிவிட்டு வருவார்கள்.

பைப்பைத் தூக்கி வந்த பையன்களைப் பிரித்து விட்டவன் ரூபன்.

சரண் பரீட்சை எழுதினான். எழில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து மைதானத்துக்கு வந்தான். வந்த அன்றே அவனை அம்பயராக நிறுத்திவிட்டார்கள்.

*

பொங்கல் விளையாட்டுப் போட்டியன்று தணிகாசலம் மடத்துக்கே போய்ப் பூரணியம்மாவைக் கூட்டி வந்தார்.

மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. கயிறு இழுக்கும் போட்டி. இரண்டு அணியிலும் இரண்டு பிளாக் பிள்ளைகளும் கலந்து நின்றார்கள். ரூபன் விசிலை வாயில் வைத்தான். ஊதினான்.

கூட்டம் எழுந்தது. தகர டப்பாவைத் தட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

தணிகாசலம் குருவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, இத்தனை நாளா நீங்க எனக்கு உபதேசம்னு ஒண்ணுமே சொல்லலை. இன்னிக்காவது சொல்லுங்க."

பூரணியம்மா அவர் காதருகே வந்து ஏதோ சொன்னார்.

"என்னம்மா?"

மறுபடியும் சொன்னார்.

"கேக்கலியேம்மா! பிள்ளைங்க கத்தறாங்க!"

பூரணியம்மா சிரித்தார்.

தான் சொன்னதே காதில் விழ, தணிகாசலம் வாய் திறந்தபடி அப்படியே நின்றார். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் தூக்கி, பிள்ளைகளைவிட உரக்க, அவரும் கத்தத் தொடங்கினார்.