சோளத்துக்கு அந்தப் பக்கம்

கொண்டல்சாமி மாஸ்டரிடம் ஹாக்கி பழகிய அத்தனை பேருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கு மட்டும் பிடிக்காது.

அவர் காலமாகிப் பதினாறு நாள் ஆகிறது. பள்ளி மைதானத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். காட்டு வேலையை முடித்துவிட்டு, காலில் கரிசல் மண்ணோடு அப்படியே மைதானத்துக்கு வருவாரே, அதைச் சொன்னார்கள். மட்டை வாங்க வழியில்லாதவர்களுக்குக் கருவேலங்கம்பை நெருப்பில் வாட்டி வளைத்துக் கொடுத்ததைச் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். என் முதல் மட்டையும் அவர் வளைத்ததுதான்.

என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. மாவட்ட இறுதிப் போட்டி. நான் எட்டாம் வகுப்பு. நன்றாக ஆடுகிற ஒருவனை ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு எடுத்துக்கொள்ள ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிடத்தில் நான் கோல் போட்டேன். கோல் என்று அம்பயர் விசிலும் ஊதிவிட்டார்.

கோட்டோரம் நின்ற மாஸ்டர் உள்ளே நடந்து வந்தார்.

"பந்து எங்க பையன் கால்ல பட்டுச்சு சார்."

ஹாக்கியில் பந்து காலில் பட்டால் தப்பு. அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கோல் செல்லாது என்றார்கள். தோற்றோம். ஹாஸ்டலுக்கு எதிரணிப் பையன் போனான். நான் அடுத்த மாதம் தீப்பெட்டி ஆபீசுக்கு மூட்டை தூக்கப் போனேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

பந்து காலில் படவே இல்லை என்று ஊர் முழுக்கச் சொன்னேன். மாஸ்டரோடு பேச்சை விட்டேன்.

போன வருடம் அவருக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். விழாவுக்கு முந்தின நாள் காலை, அவர் காட்டுக்குப் போனேன். சோளத்தை ஒட்டிய உளுந்தில் குத்தவைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாலே செண்பகராசு. வழி தெரிஞ்சுதா?"

முப்பத்தேழு வருடம் கழித்து வந்தவனிடம் கேட்கிற கேள்வி.

"நாளைக்கு மேடையில ஏறப் போறேன் மாஸ்டர். ஊர் முன்னால உங்களக் கேக்கப் போறேன்."

"கேளு. மைக்கைத் தள்ளிப் பிடிச்சுக்கோ. உனக்குத் தொண்டை பெருசு."

"சிரிக்க வைக்காதீங்க. என் பொழப்பக் கெடுத்தீங்க. ஏன்னு இப்பச் சொன்னா நாளைக்கு ஏற மாட்டேன்."

அவர் களைக்கொத்தியைக் கீழே வைத்தார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். நான் கை கொடுக்கவில்லை.

"இந்த வரப்புதான் கோல் கோடு. அன்னைக்கு நின்ன எடத்துல நில்லு."

"எதுக்கு?"

"நில்லுலே."

நின்றேன். அவர் மெல்லச் சோளத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அன்று அவர் நின்ற தூரம் ஏறக்குறைய அதுதான். பயிர் நெஞ்சு உயரத்துக்கு நின்றது.

"என் காலு தெரியுதா?" என்று குரல் கொடுத்தார்.

முகமும் தோளில் கிடந்த துண்டும்தான் தெரிந்தன.

"தெரியல."

"அன்னைக்கு நமக்கு நடுவுல ஏழெட்டுப் பேரு. உன் காலும் எனக்குத் தெரியல."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடமும் காத்துக் கிடந்தேன்.

"அப்பப் பந்து பட்டதப் பாக்கல."

"பாக்கல."

"பாக்காமத்தான் அம்பயர்ட்டப் போய்ச் சொன்னீங்க."

"ஆமா."

"இதத்தான் நாளைக்குச் சொல்லுவேன். நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு சொல்லுவேன்."

"சொல்லு."

அவர் நகரவில்லை. நானும் நகரவில்லை. சோளத்துக்குள் ஏதோ ஒரு குருவி ஓடியது.

"கண்ணால பாக்காதவரு, பட்டுச்சுன்னு எப்படிச் சொல்லலாம் மாஸ்டர்?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பந்து உள்ள போனதும் நம்ம பயலுவ எல்லாரும் மட்டையத் தூக்கிக்கிட்டு உன்னக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தானுவ. நீ அவனுகளப் பாக்கல. அம்பயரயும் பாக்கல. தப்பு செஞ்ச பய மாதிரித் திரும்பி என் மூஞ்சியப் பாத்த."