‘ந’வா, ‘மீ’யா

“தப்பே இல்லாத வாக்கியத்தை ஏன் அடித்தீர்கள்?”

லெப்பைத்தம்பி மரைக்காயர் இதை மூன்றாம் முறையாகக் கேட்டார். அறுபது வயது மனிதர். உட்காரவும் மாட்டார், நிற்கவும் மாட்டார். பரங்கிப்பேட்டைத் துறையில் பாரசீகக் கப்பல் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் கிளம்புகிறது. அவர் பாரசீகத்தில் எழுதும் கடிதம் அதற்குள் ஏற வேண்டும்.

அவருக்குப் பாரசீகம் சொல்லிக்கொடுக்கும் ருகையா உஸ்தாத்பி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். மாணவரைவிட இருபது வயது இளையவர்; அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்பவர். ஆற்காட்டிலிருந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது பாரசீகத்தையும் கொண்டுவந்தவர்.

“நதவானெஸ்தம். ‘என்னால் முடியவில்லை.’ நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே?”

“முடியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், காக்கா.”

கடிதம் பாரசீகத் துறைமுகமான பந்தர் அப்பாஸில் இருக்கும் மஹீனுக்கு. மரைக்காயர் அந்த ஊரில் காய்ச்சலில் கிடந்தபோது நாற்பது நாள் கஞ்சி ஊட்டியவர் அவள் அப்பா பஹ்ராம். போன மாசியில் அவர் சாகக் கிடந்தார். மரைக்காயர் எதிர்க்கரையில், மஸ்கத்தில், முத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ‘கடைசிவரை உங்களைக் கேட்டார். ஏன் வரவில்லை?’ என்று பெண் எழுதியிருக்கிறாள்.

“கப்பல் இருந்ததா?”

“இருந்தது.”

“காற்று?”

“காற்றுக்கென்ன.”

“அப்படியானால் ‘ந’வை எடுத்துவிட்டு ‘மீ’ போடுங்கள். மீதவானெஸ்தம்.”

“அர்த்தம்?”

“வந்திருக்க முடியும். வரவில்லை.”

மரைக்காயர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

“பொதுவாக எழுதிவிடலாமே. ‘நான்’ என்ற சொல்லே இல்லாமல்.”

“இப்போது மட்டும் எங்கே இருக்கிறது? கடைசியில் ‘அம்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் நீங்கள். பிய்த்தெடுத்தால் வாக்கியம் நிற்காது.”

“தமிழில் இவ்வளவு தொல்லை இல்லை.”

“இல்லைதான். ‘முடியவில்லை’ என்றால் யாருக்கு முடியவில்லை என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. உங்களுக்கு வசதி.”

துறையில் பாய் ஏற்றும் கூச்சல் கேட்டது. மரைக்காயர் ஒருவழியாக உட்கார்ந்தார்.

“அந்தப் பிள்ளை என்னை ‘அமூ’ என்று கூப்பிடும். சித்தப்பா என்று. ‘மீ’ போட்டால் இனிக் கூப்பிடுமா?”

“தெரியாது.”

“‘ந’ போட்டால்?”

“கூப்பிடுவாள். வர முடியாமல் போன ஒருவரை. உங்களை அல்ல.”

உஸ்தாத்பி கையைக் கழுவினார். நாணல் பேனாவை மையில் தோய்த்து அவர் பக்கம் வைத்தார்.

மரைக்காயர் அதைத் தொடவில்லை.

“எதுவானாலும் நீங்களே எழுதிக்கொடுத்துவிடுங்கள், உஸ்தாத்பி.”