கைகாட்டி இறங்கிய படம்

“டீச்சர், ஸ்டேஷனைக் காணோம்,” என்றார் ஆவுடையப்பன்.

மும்தாஜ் வந்து பார்த்தாள். திரையில் ஒரு வேப்பமரத்தின் பாதி இருந்தது. ரயில் கைகாட்டி மரத்தின் அடிப்பாகம் இருந்தது. நடுவில் சதுரமாக வெறும் சாம்பல் நிறம்.

“மேல எதை வச்சீங்க?”

“கால்குலேட்டரைத் திறந்தேன். கூரைச் சரிவுக்கு ஒரு கணக்கு. மூடிட்டுப் பாத்தா, அது இருந்த இடம் பூரா போயிட்டு.”

“திரும்ப வரைங்க, அண்ணாச்சி.”

அவர் தான் எழுதிய நிரலின் பொத்தானை அமுக்கினார். கோடு கோடாக ஸ்டேஷன் வந்தது. ஓட்டுக் கூரை, மஞ்சள் பலகை, கல் பெஞ்சு, கைகாட்டி.

மும்தாஜ் கால்குலேட்டரைத் திறந்து அதன்மேல் இழுத்து வைத்தாள். எடுத்தாள். பலகை இல்லை.

“திரும்ப.”

வரைந்தார். அவள் மறைத்தாள். எடுத்தாள்.

“திரும்ப.”

“எத்தனை தடவைதான் வரையது டீச்சர்? ஒருக்கா வரைஞ்சா நிக்கணும்லா?”

“யாரு சொன்னா?”

அவள் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.



அது ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன காலம். பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. கீழே காபி கிளப். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைய வேண்டும். உள்ளே குளிரும், மானிட்டர் உறைகளின் பிளாஸ்டிக் வாசனையும், கீழிருந்து ஏறிவரும் வடை வாசனையும்.

ஆவுடையப்பன் மில் மூடியபின் வீட்டில் இருந்தவர். சொல்லித்தந்த மும்தாஜுக்கு அவர் மகள் வயது.

“என்ன கத்துக்கணும் அண்ணாச்சி?” என்று முதல் நாள் கேட்டாள்.

“கோடு போட. வட்டம் போட. வேற ஒண்ணும் வேண்டாம்.”

முதலில் வரைந்த ஸ்டேஷன் தலைகீழாக வந்தது. திரையில் எண்கள் மேலிருந்து கீழே போகும் என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து மேசையில் கோமதிநாயகம் எட்டிப் பார்த்தான். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவன்.

“அண்ணாச்சி, ஸ்டேஷன் வௌவால் மாதிரில்லா தொங்குது. பயணிகளும் தொங்கிக்கிட்டுத்தான் வரணுமோ?”

“நீ ஏறாண்டாம்டே. நடந்து போ.”



அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை. அகல ரயில் பாதை போட்டபோது எடுத்துவிட்டார்கள்.

அவருடைய அண்ணன் சங்கரலிங்கம் அங்கே லீவர் இழுத்தவர். அவர் லீவரை இழுத்தால் தூரத்தில் கைகாட்டியின் கை இறங்கும். இறங்கினால் வண்டி வருகிறது. வண்டி போனபின் கையை ஏற்றிவிடுவார்.

சிறுவயதில் ஆவுடையப்பன் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவார். கை இறங்கியிருந்தால் அண்ணன் சோற்றைத் தொடமாட்டார். பச்சைக் கொடியோடு நிற்பார். வண்டி போய், கை ஏறி, தண்டவாளத்தின் சத்தம் அடங்கியபிறகு வேப்பமரத்தடியில் இருவரும் சாப்பிடுவார்கள்.

இப்போது அண்ணனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. தம்பி வீட்டில் இருக்கிறார். ஸ்டேஷன் மட்டும் மறக்கவில்லை.

“நம்ம ஸ்டேஷன் எங்கடே?”

எடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் தலையாட்டுவார். பிறகு கேட்பார்.

“நம்ம ஸ்டேஷன் எங்கடே?”

“காகிதத்தில வரைஞ்சு கொடுங்களேன்,” என்று மும்தாஜ் சொல்லியிருந்தாள்.

“கொடுத்தேன் டீச்சர். மடிச்சு வேட்டியில சொருகிட்டுக் குளிக்கப் போயிடுதாரு. மக விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர் வீட்ல சும்மாதான் கெடக்கு. அதுல வரைஞ்சு வச்சுட்டா, நான் சொல்லாண்டாம். பாத்துக்கிட்டே இருப்பாரு.”

அவர் சட்டைப்பையில் இருந்த ஃப்ளாப்பியைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

“போன வாரம் அவருகிட்ட கத்திட்டேன். அவரு மகன் சேது போன்ல கேட்டுட்டான். பொங்கலுக்கு முந்தி வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுதான். மெட்ராஸ் பக்கம் ஏதோ இல்லமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வேண்டாம்னு சொல்லல. எனக்கும் முடியல டீச்சர்.”



கோமதிநாயகம் அவரைக் காபி கிளப்புக்கு அழைத்துப் போனான்.

“டீச்சர் உங்களைச் சுத்தவிடுதாங்க. ஒரு வரிதான் அண்ணாச்சி. வரைஞ்சதை ஒரு நகல் வச்சுக்கோன்னு சொல்லிட்டீங்கன்னா, எதைக் கொண்டு மூடினாலும் படம் அப்படியே நிக்கும்.”

அந்த வரியை ஒரு பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தான். காபிக்குக் காசு ஆவுடையப்பன்தான் கொடுத்தார்.

படம் நின்றது. கைகாட்டியின் கையை இறக்கி வரைந்திருந்தார். இறங்கியிருந்தால்தான் அழகு என்று தோன்றியது. ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தார். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

“படம் நின்னுட்டு டீச்சர்.”

“அப்புறம் என்ன?”

“அண்ணனும் நின்னுட்டாரு.”

மும்தாஜ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“படத்தைப் பாத்ததும் முகம் அப்படி மலர்ந்துச்சு. எங்கடேன்னு கேக்கவே இல்ல. பச்சைத் துண்டை எடுத்துக் கையில சுத்திக்கிட்டு எந்திரிச்சு நின்னாரு. கை இறங்கிக் கெடக்குல்லா? வண்டி வரணும்லா? சோத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்காரு. படுக்க மாட்டேங்காரு. கடைசியில கரண்டைப் பிடுங்கிவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு.”

கோமதிநாயகம் திரையை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

“உங்ககிட்ட கேப்பார்ல, ஸ்டேஷன் எங்கேன்னு?” என்றாள் மும்தாஜ். “தினமும் ஒரே பதில்தான் சொல்வீங்களா?”

“இப்ப ஒரே பதில்தான். எடுத்துட்டாங்க அண்ணே.”

“முன்னால?”

அவர் யோசித்தார்.

“மொதல்ல எல்லாம் ஒவ்வொரு மாதிரி சொல்லுவேன். மழை பெய்யுது, வண்டி லேட்டும்பேன். ஒருநாள் மாம்பழக் கூடை ஏத்துதாங்கன்னு சொன்னேன். எத்தனை கூடைடேன்னு கேட்டாரு. ரெண்டுபேரும் உக்காந்து கூடையா எண்ணுனோம்.”

சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

மும்தாஜ் அவர் நிரலைத் திறந்தாள். கோமதிநாயகம் கொடுத்த வரியை அழித்தாள். கீழே ஒரு காலி இடத்தைத் திறந்து வைத்தாள். இரண்டு வரிகள், நடுவில் ஒன்றுமில்லை.

“எல்லாத்தையும் இங்க எழுதுங்க.”

“பொத்தான்?”

“வேண்டாம்.”

“அப்ப இதை யாரு கூப்பிடுவா?”

“திரையே கூப்பிடும்.”

“எப்ப?”

“மறந்துபோறப்ப.”

அவர் உட்கார்ந்தார். கூரையை அங்கே எழுதினார். பலகையை, பெஞ்சை, வேப்பமரத்தை எழுதினார். கைகாட்டிக்கு வந்ததும் நிறுத்தினார்.

“டீச்சர், ஒவ்வொரு தடவையும் புதுசாத்தானே வரையப் போகுது?”

“ஆமா.”

“அப்ப கை எங்க இருக்கணும்னு நான் அப்பப்ப சொல்லலாமா?”

மும்தாஜ் மற்ற பிள்ளைகளைப் பார்க்கப் போனாள்.



சேது ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். வாடகைக் காரைத் தெருவில் நிறுத்தியிருந்தான்.

சங்கரலிங்கம் மகனை ஏறிட்டுப் பார்த்தார்.

“டிக்கெட்டா? கவுண்டர் அந்தப் பக்கம்.”

“அப்பா, நான் சேதுப்பா.”

“தள்ளி நில்லும். கோட்டைத் தாண்டக் கூடாது.”

சேது சித்தப்பாவைப் பார்த்தான். ஆவுடையப்பன் கம்ப்யூட்டருக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரையில் கைகாட்டியின் கை நேராக நீட்டியிருந்தது. தரையில் இலை போட்டு, சோறு பரிமாறியிருந்தது.

“வண்டி வருதாடே?” என்றார் அண்ணன்.

“வருது அண்ணே. பாலத்துக்கிட்ட மாடு நின்னுச்சாம். ஓட்டிட்டு வாராங்க.”

“யாரு மாடு?”

“தலையாரி வீட்டு மாடு.”

“அவன் மாட்டைக் கட்டவே மாட்டான்.”

ஆவுடையப்பன் கீபோர்டில் கீழ் அம்பை அமுக்கினார். ஸ்டேஷன் மறைந்து முழுதாகத் திரும்ப வந்தது. இப்போது கை இறங்கியிருந்தது.

அண்ணன் எழுந்தார். பச்சைத் துண்டை விரித்துக் கையை நீட்டிப் பிடித்தார். தம்பியும் எழுந்து நின்றார். இருவரும் இடமிருந்து வலமாக எதையோ பார்த்தார்கள். சேதுவும் திரும்பிப் பார்த்தான்.

ஆவுடையப்பன் குனிந்து மேல் அம்பை அமுக்கினார்.

“போயிட்டு,” என்றார் அண்ணன். துண்டை மடித்துத் தோளில் போட்டார். இலைக்கு முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்.

தெருவில் கார்க்காரன் ஹாரன் அடித்தான். சேது போனான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சுவரோரமாக நின்றான்.

சங்கரலிங்கம் கை கழுவிவிட்டு வந்தார். மகனுக்கு எதிரே நின்று அவன் முகத்தையே பார்த்தார்.

“வண்டி வருதாடே?”

சேது சித்தப்பாவைப் பார்த்தான். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வருதுப்பா,” என்றான். அப்பா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். “கூட்டம் ஜாஸ்தி. பொங்கல்லா?”

“ஆமா, பொங்கலு.”

ஆவுடையப்பன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.